நாமா, நாங்களா? போர்க்கால உரைகளில் விடுதலையும் கொடுங்கோன்மையும்

1940 ஜூன் 4 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் பேசியதன் கடைசிப் பகுதி உலகப் புகழ் பெற்றது. கடற்கரைகளில் போரிடுவோம், வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம், ஒருபோதும் சரணடைய மாட்டோம் என்று வரும் பகுதி. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிடும். ‘நாம்’ போரிடுவோமா, ‘நாங்கள்’ போரிடுவோமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறாரா, அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறாரா என்று அந்த மொழியில் சொல்லாமலே போய்விடலாம். தமிழில் முடியாது.

எதிரே உட்கார்ந்திருந்த உறுப்பினர்களுக்கு அது ‘நாம்’. இன்னும் போரில் இறங்காத அமெரிக்காவுக்கு ‘நாங்கள்’. சரி, இந்தியாவுக்கு? போர் முடிவதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ 87,000 பேர் உயிரிழந்தார்கள். சண்டை போடும்போது அவர்கள் ‘நாம்’ என்பதற்குள் இருந்தார்கள். வென்ற பிறகு கிடைக்கப்போகும் விடுதலையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டா? இரண்டாம் உலகப் போரின் மிகச் சிறந்த உரைகள் எதிலும் இதற்கு நேரான பதில் கிடையாது. அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு வாங்கியவர்களின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் விடுதலை, கொடுங்கோன்மை என்ற அந்த இரண்டு சொற்களைப் பார்த்துவிடலாம். போர் என்பது அரசு தன் மக்களிடம் உயிரைக் கேட்கும் நேரம். எல்லைக்காக, எண்ணெய்க்காக, கடல்வழிக்காக என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பச் சொன்னால் எந்த வீட்டிலும் கதவு திறக்காது. ‘விடுதலைக்காக, கொடுங்கோலனுக்கு எதிராக’ என்றால் அந்த இழப்பு தியாகமாகிவிடுகிறது. நடுநிலையில் நிற்கும் நாடுகளை இழுக்கவும், கூட்டாளிகளைச் சேர்த்து வைத்திருக்கவும் இதே சொற்கள்தான் உதவுகின்றன. அதனால்தான் எந்த நூற்றாண்டின் போர் உரையை எடுத்தாலும் இந்த இணை இல்லாமல் இருப்பதில்லை.

தமிழில் இதற்கு ஒரு தனிக் கோணம் உண்டு. கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். அது தன் நாட்டு அரசன் கையில் இருக்கும் கோல். திருக்குறளில் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரம் கொடுங்கோன்மை. கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் ‘கொடு’ என்பதைப் போன்றது என்று அங்கே ஒரு குறள் வருகிறது. அந்த அதிகாரம் முழுக்கத் தன் குடிகளை அரசன் எப்படி நடத்துகிறான் என்பதுதான் பேச்சு. பகை நாட்டு மன்னனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. போர்க்கால உரை இந்தப் பார்வையை வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறது. வளைந்த கோல் எப்போதும் எதிரியின் கையில்தான் இருக்கும்.

சர்ச்சில் பிரதமரான மூன்றாம் நாள், 1940 மே 13 அன்று, தன்னிடம் கொடுப்பதற்கு ரத்தமும் உழைப்பும் கண்ணீரும் வியர்வையும் தவிர வேறில்லை என்றார். மனிதக் குற்றங்களின் இருண்ட பட்டியலில் எதனாலும் விஞ்சப்படாத ஒரு கொடூரமான கொடுங்கோன்மைக்கு எதிராகப் போர் புரிவதே தன் கொள்கை என்றார். அதே உரையில், சில வரிகள் தள்ளி, வெற்றி இல்லையேல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு வாழ்வில்லை என்றும் சொன்னார். ஜூன் 18 உரையிலும் இதே அமைப்புதான். ஹிட்லரை எதிர்த்து நின்றால் ஐரோப்பா முழுவதும் விடுதலை பெறலாம் என்று சொல்லிவிட்டு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யமும் காமன்வெல்த்தும் ஆயிரம் ஆண்டுகள் நீடித்தாலும் இதுவே அவர்களின் மிகச் சிறந்த நேரம் என்று மனிதர்கள் பேசுவார்கள் என முடித்தார். விடுதலையும் சாம்ராஜ்யமும் ஒரே பத்தியில் ஒன்றுக்கொன்று இடிக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. பேசியவருக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஹிட்லரைப் பற்றி சர்ச்சில் சொன்னது உண்மை. 60 லட்சம் யூதர்களைக் கொன்ற அரசைக் கொடூரமான கொடுங்கோன்மை என்று சொல்வது மிகையே அல்ல. அவரைச் சுற்றியிருந்தவர்களில் சிலர் சமரசம் பேசலாமா என்று யோசித்த அந்த மே மாதத்தில் அவர் அசையாமல் நின்றதற்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. இந்த உரைகள் வெறும் பசப்பு என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பசப்பாக இருந்திருந்தால் போர் முடிந்ததும் அவை செத்திருக்கும். உண்மையாக இருந்ததால்தான் அவை பேசியவரின் கையை விட்டு வெளியே போயின.

இந்த முரண் சர்ச்சிலோடு பிறந்ததும் அல்ல. கி.மு. 431-இல் ஏதென்ஸின் பெரிக்ளீஸ், போரில் இறந்தவர்களுக்கு ஆற்றிய இரங்கல் உரையை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். மகிழ்ச்சி விடுதலையில் இருக்கிறது, விடுதலை துணிவில் இருக்கிறது என்று அதில் வருகிறது. அடுத்த ஆண்டே கொள்ளைநோய் தாக்கி ஊர் சோர்ந்துபோயிருந்தபோது அதே பெரிக்ளீஸ் இன்னொரு உரை ஆற்றினார். நீங்கள் வைத்திருக்கும் பேரரசு இப்போது ஒரு கொடுங்கோன்மை போன்றது, அதை எடுத்துக்கொண்டது தவறாக இருந்திருக்கலாம், ஆனால் கைவிடுவது ஆபத்து என்று தன் மக்களிடமே சொன்னார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய தலைவர் பின்னாளில் அரிது. எதிர்ப்பக்கம் ஸ்பார்ட்டா, கிரேக்கத்தை விடுவிக்கவே போருக்கு வந்ததாக அறிவித்தது. கி.மு. 404-இல் அது வென்று ஏதென்ஸின் மதில்களை இடித்தபோது குழலிசை ஒலித்தது, அன்றுதான் கிரேக்க விடுதலையின் முதல் நாள் என்று பேசிக்கொண்டார்கள். அப்புறம் ஸ்பார்ட்டாவின் துணையோடு ஏதென்ஸில் ஆட்சிக்கு வந்தவர்களை ‘முப்பது கொடுங்கோலர்கள்’ என்றே வரலாறு குறித்துவைத்திருக்கிறது.

இந்தக் குழப்பத்தை நேருக்கு நேர் எடுத்துப் பேசிய ஒரே போர்க்காலத் தலைவர் என்று நான் கருதுவது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அதிபராக இருந்த ஆபிரகாம் லிங்கனை. கெட்டிஸ்பர்க் உரையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 270 சொற்கள் அளவே உள்ள அந்த உரையில் புதிய விடுதலையின் பிறப்பு பற்றிப் பேசுகிறார், ஆனால் அடிமை என்ற சொல்லே அதில் வராது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது 1864 ஏப்ரல் 18 அன்று பால்டிமோரில் அவர் பேசியது. விடுதலை என்ற சொல்லுக்கு உலகில் இதுவரை நல்ல வரையறை கிடைக்கவில்லை, எல்லோரும் அந்தச் சொல்லைச் சொல்கிறோம், ஆனால் ஒரே பொருளில் சொல்வதில்லை என்று தொடங்கி ஒரு கதை சொன்னார். ஆட்டின் கழுத்திலிருந்து ஓநாயை மேய்ப்பன் விரட்டுகிறான். ஆடு அவனைத் தன்னை விடுவித்தவன் என்று வாழ்த்துகிறது. ஓநாயோ, என் விடுதலையை அழித்தவன் என்று அதே செயலுக்காக அவனைத் தூற்றுகிறது. அதிலும் அந்த ஆடு ஒரு கறுப்பு ஆடு என்று லிங்கன் சேர்த்துக்கொண்டார்.

அவர் நின்று பேசிய மேரிலாந்தில் அன்று அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. தெற்கு மாநிலங்களும் விடுதலைக்காகத்தான் போரிடுவதாகச் சொல்லின. அவர்கள் சொன்ன விடுதலை, இன்னொரு மனிதனைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமை. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் மேரிலாந்தின் புதிய அரசமைப்பு அடிமைமுறையை ஒழித்தது. பால்டிமோர் உரைக்கு ஓராண்டு நிறைய நான்கு நாள் இருக்கையில் தெற்கின் ஆதரவாளனான நடிகன் ஜான் வில்க்ஸ் பூத் ஒரு நாடக அரங்கில் லிங்கனைச் சுட்டான். கொடுங்கோலர்களுக்கு என்றும் இதுவே கதி என்ற பொருள்கொண்ட லத்தீன் தொடரை அவன் மேடையில் நின்று கத்தினான். அது வர்ஜீனியா மாநிலத்தின் அதிகாரபூர்வ முழக்கம். ஓநாய்க்கும் ஒரு அகராதி உண்டு என்று லிங்கன் சொன்னது அவர் சாவிலேயே மெய்யானது.

இனி 1941 ஆகஸ்டுக்கு வருவோம். நியூஃபவுண்ட்லாந்தின் பிளசென்ஷியா விரிகுடாவில் இரண்டு போர்க்கப்பல்கள். ஒன்றில் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இன்னொன்றில் சர்ச்சில். சர்ச்சில் வந்த கப்பலின் பெயர் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’. ஆகஸ்ட் 14 அன்று அங்கிருந்து வெளியான கூட்டறிக்கைதான் அட்லாண்டிக் சாசனம். எட்டுப் பிரிவுகள். ஆறாம் பிரிவு ‘நாஜிக் கொடுங்கோன்மையின் இறுதி அழிவு’ பற்றிப் பேசுகிறது. மூன்றாம் பிரிவு, எல்லா மக்களும் தாங்கள் வாழப்போகும் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை மதிப்பதாகவும், வலுக்கட்டாயமாகத் தன்னாட்சி பறிக்கப்பட்டவர்களுக்கு அது திரும்பக் கிடைப்பதைக் காண விரும்புவதாகவும் சொல்கிறது.

எல்லா மக்களும். இந்த இரண்டு சொற்களைப் படித்தவர்கள் லாகோஸிலும் ரங்கூனிலும் சென்னையிலும் இருந்தார்கள்.

பிரிட்டன் அரசின் இரண்டாம் இடத்தில் இருந்த கிளமென்ட் அட்லி, அதே ஆகஸ்டில் லண்டனில் மேற்கு ஆப்பிரிக்க மாணவர்களிடம் பேசும்போது இது எல்லா இனத்தவருக்கும் பொருந்தும் என்றார். செப்டம்பர் 9 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து அந்தக் கதவைச் சாத்தினார். கப்பலில் தாங்கள் மனதில் வைத்திருந்தது முதன்மையாக நாஜிகளின் பிடியில் உள்ள ஐரோப்பிய நாடுகளை. பிரிட்டிஷ் முடிக்குக் கட்டுப்பட்ட பகுதிகளில் தன்னாட்சி படிப்படியாக வளர்வது முற்றிலும் வேறு விஷயம். இதுதான் அவர் தந்த விளக்கம். அவ்வளவு நாளாக ஆங்கிலச் சொல்லுக்குள் மறைந்திருந்த ‘நாங்கள்’ அன்று வெளியே வந்தது. அடுத்த மாதம் பர்மாவின் பிரதமர் யூ சா, போருக்குப் பின் டொமினியன் தகுதி, அதாவது சாம்ராஜ்யத்துக்குள்ளேயே தன்னாட்சி, தருவதாக வாக்களியுங்கள் என்று கேட்க லண்டன் வரை போனார். கிடைக்கவில்லை.

ரூஸ்வெல்ட்டின் பக்கம் கொஞ்சம் வேறு. சாசனத்துக்கு ஏழு மாதம் முன், 1941 ஜனவரி 6 அன்று, நான்கு சுதந்திரங்கள் என்ற உரையை அவர் ஆற்றினார். பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம், வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘உலகின் எல்லா இடங்களிலும்’ என்று சேர்த்தார். வரைவைப் பார்த்த அவருடைய நெருங்கிய ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ் தயங்கினார். அது ரொம்பப் பெரிய நிலப்பரப்பாயிற்றே, ஜாவாக்காரர்களைப் பற்றி அமெரிக்கர்கள் கவலைப்படுவார்களா என்று கேட்டார். ஒருநாள் கவலைப்பட்டே ஆகவேண்டியிருக்கும், உலகம் சுருங்கிக்கொண்டு வருகிறது, ஜாவாக்காரர்களும் நம் அண்டை வீட்டாராகி வருகிறார்கள் என்றார் ரூஸ்வெல்ட். உரையெழுத உதவிய சாமுவேல் ரோசன்மன் பின்னாளில் பதிவுசெய்த உரையாடல் இது. ஜாவா அன்று டச்சுக்காரர்களின் குடியேற்ற நாடு.

ஆனால் அண்டை வீடு வரை போவதற்கு முன் சொந்த வீடு இருந்ததே. 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையால் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அச்சத்திலிருந்து விடுதலை என்று சொன்ன அதே கை. கறுப்பினப் படைவீரர்கள் தனிப் பிரிவுகளாகப் பிரித்து வைக்கப்பட்டுப் போருக்குப் போனார்கள். 1942 தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் நகரின் கறுப்பினப் பத்திரிகை ஒன்று ‘இரட்டை வெற்றி’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. வெளியே கொடுங்கோன்மைக்கு எதிராக ஒரு வெற்றி, உள்ளே அதே கொடுங்கோன்மைக்கு எதிராக இன்னொன்று. ஒரு வாசகரின் கடிதத்திலிருந்து பிறந்த யோசனை அது. அதிபரின் சொற்களை அவர்கள் மறுக்கவில்லை, அவரைவிடத் தீவிரமாக நம்பினார்கள். ராணுவத்தில் இனப் பிரிவினையை நீக்கும் ஆணை வர 1948 ஜூலை ஆயிற்று.

இந்தியாவில் இந்தக் கேள்வி சாசனத்துக்கு முன்பே எழுந்துவிட்டது. 1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். சில நாள்களில் வார்தாவில் கூடிய காங்கிரஸ் செயற்குழு நிறைவேற்றிய தீர்மானம், நேருவின் கை பட்டது. அதை நான் போர் உரைகளுக்கு எழுதப்பட்ட மிகக் கூர்மையான பதிலாகவே பார்க்கிறேன். ஜனநாயகச் சுதந்திரத்துக்கான போர் என்கிறீர்கள், அந்தச் சுதந்திரம் எங்களுக்கே மறுக்கப்பட்டிருக்கும்போது எப்படி அதில் சேர்வது, ஜனநாயகத்தையும் சாம்ராஜ்யத்தையும் பொறுத்தவரை உங்கள் போர் நோக்கம் என்ன என்று சொல்லுங்கள் என்று அது கேட்டது. நாஜிகளை அந்தத் தீர்மானம் கண்டித்தது. பிரிட்டனிடம் விலகிப் போ என்றுகூட அது சொல்லவில்லை. நீங்கள் சொல்வதன் பொருளைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டது. அக்டோபரில் வந்த பதில், போர் முடிந்த பிறகு 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பேசலாம் என்பது. மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவையும் போயிற்று.

இங்கே இடையில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். அந்த விலகலை முகமது அலி ஜின்னா 1939 டிசம்பர் 22 அன்று விடுதலை நாளாகக் கொண்டாடச் சொன்னார். காங்கிரஸ் ஆட்சியின் கொடுங்கோன்மையிலிருந்தும் அடக்குமுறையிலிருந்தும் அநீதியிலிருந்தும் விடுபட்டதற்கு நன்றி சொல்லும் நாள் அது என்றார். பெரியாரும் அம்பேத்கரும் அதை ஆதரித்தார்கள். சென்னை மாகாணத்தில் அதற்குச் சொந்தக் காரணம் இருந்தது. ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியிருந்தது, எதிர்த்துப் போராடிச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரிழந்திருந்தார்கள். ஆக, லண்டனைப் பார்த்து ‘எங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறீர்களா’ என்று காங்கிரஸ் கேட்ட அதே மாதங்களில், காங்கிரஸைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். லிங்கனின் ஆட்டுக்கதையில் ஆடாக இருப்பது நிரந்தரமான பதவி அல்ல.

1942 ஜனவரித் தொடக்கத்தில் வாஷிங்டனில் 26 நாடுகள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. அட்லாண்டிக் சாசனத்தை ஏற்பதாகவும், உயிரையும் விடுதலையையும் சுயாதீனத்தையும் காக்க முழு வெற்றி அவசியம் என்று நம்புவதாகவும் அது சொன்னது. ஐக்கிய நாடுகள் என்ற பெயர் அந்தப் பிரகடனத்தில்தான் முதன்முதலில் வந்தது. கையெழுத்திட்ட 26-இல் இந்தியாவும் ஒன்று. விடுதலை பெறாத நாடு விடுதலைக்கான பிரகடனத்தில் கையெழுத்திட்டது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று காந்தி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். பிரிட்டன் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் சுரண்டிக்கொண்டிருக்கும் வரை, அமெரிக்கா தன் வீட்டிலேயே கறுப்பினத்தவர் பிரச்சினையை வைத்திருக்கும் வரை, தனிமனித விடுதலைக்காகவும் ஜனநாயகத்துக்காகவும் போரிடுகிறோம் என்ற நேசநாடுகளின் அறிவிப்பு உள்ளீடற்று ஒலிக்கிறது என்றார். ஆகஸ்ட் 8 அன்று பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் ‘செய் அல்லது செத்து மடி’. மறுநாள் விடிவதற்குள் கைது.

நவம்பர் 10 அன்று, எகிப்தின் எல் அலமெய்னில் கிடைத்த வெற்றிக்குப் பிறகு, லண்டனில் நடந்த விருந்தில் சர்ச்சில் பேசினார். இது முடிவின் தொடக்கம்கூட இல்லை, தொடக்கத்தின் முடிவாக இருக்கலாம் என்ற புகழ்பெற்ற வரி அந்த உரையில்தான் வருகிறது. அதே உரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைக் கலைக்கும் வேலைக்குத் தலைமை தாங்க நான் மன்னரின் முதல் அமைச்சராகவில்லை. எல் அலமெய்னில் அவருக்காகச் சண்டையிட்டவர்களில் நான்காம் இந்தியப் படைப்பிரிவும் இருந்தது.

அடுத்த ஆண்டு வங்கத்தில் பஞ்சம். இறந்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. வறுமையிலிருந்து விடுதலை என்ற மூன்றாவது சுதந்திரம் கல்கத்தாவின் நடைபாதை வரை வந்து சேரவில்லை. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் கை கனக்கிறது.

கிழக்கே இன்னொரு விடுதலை உரை ஒலித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டவர்களில் பெரும் பங்கினர் தமிழர்கள். சாசனம் பேசப்பட்ட அந்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பல், நான்கே மாதத்தில், 1941 டிசம்பர் 10 அன்று, மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆசியா ஆசியர்களுக்கே என்றது ஜப்பான். வெள்ளையரின் கொடுங்கோன்மையிலிருந்து ஆசியாவை விடுவிக்க வந்ததாகச் சொன்னது. ரப்பர் தோட்டத்தில் கங்காணியின் கீழ் வளைந்து நின்ற ஒருவருக்கு அதில் ஒரு பாதி உண்மையாகவே கேட்டிருக்கும்.

1943 அக்டோபர் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 17-ஆம் தேதி, சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் இரு முனைகளும் ஒன்று சேர்ந்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகளோடு சேர்த்து, அதைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்களை ஜப்பானிய ராணுவம் அதில் வதைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று இன்றும் மலேசியத் தமிழர் சொல்வது அதைத்தான். நான்கு நாள் கழித்து, 21-ஆம் தேதி, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள், போஸின் மகளிர் படையான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். நவம்பர் 5, 6 தேதிகளில் டோக்கியோவில் கிழக்காசிய நாடுகளின் மாநாடு கூடியது. ஒருவருக்கொருவர் இறைமையை மதிப்போம் என்று பிரகடனம் செய்தது. ஜப்பான் 1910-இல் விழுங்கிய கொரியாவுக்கு அங்கே நாற்காலி இல்லை.

ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்ணின் விடுதலை வேட்கை பொய்யா? இல்லவே இல்லை. இந்தியாவைப் பார்த்தே இராத ஒரு பதினெட்டு வயதுப் பெண், அதுவரை யாரும் தன்னை நிமிர்ந்து பார்க்காத இடத்திலிருந்து வந்து, இந்தியாவின் பெயரால் அணிவகுத்தாள். அதில் பொய்யே கிடையாது. அவளுடைய லயத்தின் இன்னொரு கதவிலிருந்து ரயில் பாதைக்குப் போனவர் திரும்பவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஜப்பான் சொல்லிக்கொடுத்த விடுதலையை அதன் மீதே திருப்பியவர்களும் உண்டு. 1945 மார்ச் 27 அன்று ஆங் சானின் பர்மியப் படை ஜப்பானுக்கு எதிராகக் கிளம்பியது.

சோவியத்தின் கதையும் இதே அச்சுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1941 நவம்பர் 7 அன்று செஞ்சதுக்கத்தில் ஸ்டாலின், அடிமைப்பட்ட ஐரோப்பிய மக்கள் உங்களைத் தங்கள் விடுதலையாளர்களாகப் பார்க்கிறார்கள் என்று படைவீரர்களிடம் சொன்னார். செப்டம்பரில் சோவியத் ஒன்றியமும் அட்லாண்டிக் சாசனத்தை ஏற்றிருந்தது. லித்துவேனியாவையும் லாத்வியாவையும் எஸ்தோனியாவையும் அது தன்னோடு சேர்த்துக்கொண்டது அதற்கு முந்தைய ஆண்டு.

போர் முடிந்தது. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா டின் சதுக்கத்தில் ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தபோது அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரியோடு தொடங்கினார். எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். லண்டனில் அன்று மாணவர்களிடம் ‘எல்லா இனத்தவருக்கும்’ என்று சொன்ன அட்லிதான் இப்போது பிரதமர். 1947-இல் இந்திய விடுதலைச் சட்டம் அவருடைய அரசு கொண்டுவந்தது. 1946-இல் ஐ.நா. பொதுச்சபையில், தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் விதம் பற்றி இந்தியா புகார் எழுப்பியது. 1860 முதல் நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த ‘இந்திய வம்சாவளியினர்’ என்ற சொல்லுக்குள் இருந்தார்கள். இந்தியக் குழுவின் தலைவி விஜயலட்சுமி பண்டிட். எதிரே தென்னாப்பிரிக்கப் பிரதமர் யான் ஸ்மட்ஸ். அடிப்படை மனித உரிமைகளில் நம்பிக்கை என்று பேசும் ஐ.நா. சாசன முகவுரையின் முதல் வரைவை எழுதியவர் இதே ஸ்மட்ஸ்தான். தீர்மானம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேறியது.

அதே ஸ்மட்ஸின் நாட்டில் 1943 டிசம்பரில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஒரு சிறு ஆவணத்தை நிறைவேற்றியிருந்தது. டாக்டர் அ. பி. சூமா அப்போது அதன் தலைவர். அட்லாண்டிக் சாசனத்தின் எட்டுப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது எங்களுக்கு என்ன பொருள் தருகிறது என்று பக்கத்திலேயே எழுதினார்கள். யார் அனுமதியும் கேட்கவில்லை. சர்ச்சில் செப்டம்பர் 9 அன்று சாத்திய கதவைத் தட்டிக்கொண்டும் நிற்கவில்லை. ‘எல்லா மக்களும்’ என்று எழுதியிருக்கிறது, நாங்கள் மக்கள், ஆகவே எங்களுக்கு வாக்குரிமை என்று போனது அவர்களின் வாதம். ஸ்மட்ஸ் அதை ஏற்கவில்லை. ஐந்தே ஆண்டில் நிறவெறி ஆட்சி வந்து எல்லாவற்றையும் இன்னும் இறுக்கியது. ஜொகனஸ்பர்க்கில் அப்போது இளைஞராக இருந்த நெல்சன் மண்டேலா, மேற்கில் சிலருக்கு அந்தச் சாசனம் வெற்று வாக்குறுதியாகத் தெரிந்திருக்கலாம், ஆப்பிரிக்காவில் எங்களுக்கு அப்படித் தெரியவில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1994 ஏப்ரல் 27 அன்று, டர்பனுக்கு அருகே இனாண்டாவில் உள்ள ஓலாங்கே பள்ளியில், அவர் தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டார். அப்போது அவருக்கு வயது 75. அட்லாண்டிக் சாசனத்தின் மூன்றாம் பிரிவு எழுதப்பட்டு ஏறக்குறைய 53 ஆண்டுகள் ஆகியிருந்தன.